கம்பு நடாத வாசல்

ஸ்வாபியா மலைநாடு, டான்விலர் ஊர்

1525 பிப்ரவரி 28, செவ்வாய்

நாளை தவக்காலம் தொடங்குகிறது. வீட்டில் இருந்த பன்றிக்கொழுப்பையெல்லாம் இன்றைக்கே காலி செய்து அப்பம் பொரித்துவிட்டேன். மத்தியானம் பக்கத்து ஊரான மூஸ்ஹைமிலிருந்து ஆண்கள் முகமூடி போட்டுக்கொண்டு மேளத்தோடு வந்தார்கள். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். வீட்டுக்கு வீடு அப்பம் வாங்கித் தின்பார்கள், குடிப்பார்கள், யாராவது ஒருவன் வாய்க்காலில் விழுவான். ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தமான மடத்தின் மணியக்காரர் மதுக்கடை வாசலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கரடித் தலையை மாட்டியிருந்த ஒருவன் என் வாசலில் குனிந்து, "ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கீழ புல்வெளிக்கு ஆம்பளைங்க எல்லாரும் வரணும். பிரசவம் பாக்கப் போற வீட்டுல எல்லாம் சொல்லி வைங்கக்கா" என்றான். குரல் அவர்களோடு கலந்துகொண்ட எங்கள் ஊர்க் கொல்லன் எண்ட்ரஸுடையது. ஊருக்கு ஊர் இப்படித்தான் முகமூடிக்குள் ஒளிந்துகொண்டு மடத்துக்கு எதிராக ஆள் சேர்க்கிறார்களாம். மணியக்காரர் அந்தக் கரடியைக் கூப்பிட்டு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். பாவம்.

எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். என் புருஷன் இறந்தபோது, உடம்பு வீட்டில் கிடக்கும்போதே மடத்து ஆள் வந்துவிட்டான். தொழுவத்தில் இருந்ததிலேயே நல்ல மாட்டையும் பெட்டியில் இருந்ததிலேயே நல்ல அங்கியையும் எடுத்துக்கொண்டு போனான். மடத்துக்கு அடிமைப்பட்டவன் செத்தால் அதுதான் வழக்கம், சாவு வரி. அந்த அங்கியைப் போட்டுத்தான் அவரைப் புதைக்க நினைத்திருந்தேன்.

கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பிரசவம் இல்லாத நாளில் இப்படி எதையாவது எழுதுகிறேன். இந்த ஊரில் மருத்துவச்சி ஓட்டிலியோடு பேசத் தகுந்த ஆள் மருத்துவச்சி ஓட்டிலிதான்.

மார்ச் 2, வியாழன்

அஃப்ராவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பிரசவம். உப்பைக் குறை என்றேன். கேட்க மாட்டாள், என் மகள்தானே.

மார்ச் 5, ஞாயிறு

ஆண்கள் புல்வெளியில் வட்டமாக நின்றார்கள். வட்டம்தான் முக்கியமாம். முன்னால் நின்றவன், பின்னால் நின்றவன் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. நடுவில் எண்ட்ரஸ் நின்று, இனிச் சாவு வரி கிடையாது, யாரும் யாருக்கும் அடிமை கிடையாது, ஒருவரை ஒருவர் கைவிடுவது கிடையாது என்று சொல்லச் சொல்ல எல்லாரும் வலது கையின் இரண்டு விரல்களை வானத்துக்குத் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்றோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாவு அரைக்கும் பிலாசிகூடத் தூக்கினான், அவனுடைய அரவை ஆலையே மடத்துடையது.

ஒரு கை மட்டும் கீழே இருந்தது. என் மகளைக் கட்டியவன், நெசவுக்காரன் லீன்ஹார்ட்.

"கொடிக்குத் துணி நெய்து தர்றேன் எண்ட்ரஸ். தண்ணி சொமக்கறேன். நீங்க கேக்கறது அத்தனையும் நியாயம். வெரல மட்டும் தூக்கச் சொல்லாதீங்க" என்றான்.

"ஏன், வெரல்ல என்ன வலி?"

"ஏற்கெனவே ஒரு தடவ தூக்கிட்டேன்."

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். லீன்ஹார்ட் பட்டணத்துக்காரன், சுதந்திரமானவன். அஃப்ரா மடத்துச் சொத்து. அவளைக் கட்டிக்கொள்ள மடாதிபதி முன்னால் மண்டி போட்டு, மடத்துக்கு எதிராக எந்நாளும் நிற்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தான். "அந்த வார்த்தையக் குடுத்துத்தான் அஃப்ராவக் கூட்டிட்டு வந்தேன். அது பொய்யின்னா நான் அவளுக்குச் சொன்னது மட்டும் எப்படி நெஜமாகும்?" என்றான்.

எண்ட்ரஸ் கோபப்படவில்லை. "பாதி ஊரு நின்னா அந்தப் பாதியத் தூக்குல போடுவான். எல்லாரும் நின்னா யாரத் தனியாப் பிடிப்பான்? அதுக்குத்தாம்பா கூட்டம்" என்றான். நியாயமான பேச்சு. லீன்ஹார்ட்டும் அதற்குத் தலையாட்டினான். அப்படியும் கையைத் தூக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வேலிக்குச்சியை ஒடித்துவிட்டேன். முகத்துக்கு நேரே அவனை மாப்பிள்ளை, நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். இங்கே அவன் என்று எழுதிக்கொள்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

மார்ச் 12, ஞாயிறு

ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். அவன் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே இருந்தான். இன்று பூசை முடிந்ததும் அவன் வாசலில் கம்பு அடித்தார்கள்.

இடுப்பளவு ஓக் கம்பு. எண்ட்ரஸ் சம்மட்டியால் அடித்து இறக்கினான். பிறகு கூட்டத்தின் கட்டளையைச் சொன்னார்கள். கம்பு நிற்கிற வீட்டோடு யாரும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது. மாவு அரைத்துத் தரக் கூடாது, ரொட்டி சுட்டுத் தரக் கூடாது. உப்பு, விறகு, நெருப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. மீறினால் மீறியவர் வாசலிலும் கம்பு. எல்லா ஊர்க் கூட்டத்திலும் இதுதான் சட்டமாம். அடிக்க வேண்டாம், உதைக்க வேண்டாம், ஒரு கம்பு போதும்.

அஃப்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள். தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருத்துவச்சி என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். சரி என்றுதான் ஆட்டினேன். அந்த மாடு என்னுடைய மாடு.

மார்ச் 15, புதன்

பிலாசி லீன்ஹார்ட்டின் தானிய மூட்டையை வாங்க மறுத்துவிட்டானாம். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. புகை இல்லாததைப் பார்த்து ஊரே தெரிந்துகொண்டது.

நான் இன்று தண்ணீர் எடுக்கப் போனபோது என் தீச்சட்டியைக் கங்கோடு கிணற்றடியில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். வயதாகிவிட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

மார்ச் 19, ஞாயிறு

கூட்டம் பெருத்துவிட்டது. மூஸ்ஹைம், நாங்கள், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து மடத்துக்கு நடந்தார்கள். மடாதிபதி முன்னமே ஓடிவிட்டார். நம் ஆட்கள் மதுவைக் குடித்து, மீன் குளத்தின் மதகைத் திறந்துவிட்டு, பெரிய பெரிய கெண்டைகளோடு திரும்பி வந்தார்கள். முன்பு அந்தக் குளத்தில் தூண்டில் போட்டதற்காக ஒருவனைக் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். இன்று ஊர் முழுக்க மீன் வாசனை. நானும் தின்றேன். நெடுநாளைக்குப் பிறகு ஊரே சத்தம் போட்டுச் சிரித்தது.

ஒரு கெண்டையின் பாதியைப் பூனைக்கு என்று அஃப்ரா வீட்டு வேலியோரம் வைத்தேன். எங்கள் தெருவில் பூனை இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மார்ச் 25, சனி

ஜன்னல் வழியாக அஃப்ராவைப் பார்த்தேன். வயிறு இறங்கிவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறாள். அரைக்காத தானியத்தை ஊறவைத்துத் தின்கிறார்கள்.

கொல்லன் பட்டறைக்குப் போனேன். எண்ட்ரஸ் ஈட்டிமுனை அடித்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு நேரம் வந்துட்டுது, எண்ட்ரஸ்."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "இதுக்கெல்லாம் என்ன வந்து கேக்கணுமாக்கா? புள்ள பொறக்கற வீட்டுக்கு நீங்க போங்க. நான் பாக்கல, யாரும் பாக்கல. கம்பு அவனுக்குத்தான், வயித்துப் புள்ளைக்கு இல்ல."

நல்ல மனிதன். அங்கிருந்து நேரே அஃப்ரா வீட்டு ஜன்னலுக்குப் போனேன். லீன்ஹார்ட் வந்து நின்றான். "மாப்பிள்ளை, நீங்க கையைத் தூக்கற வரைக்கும் நான் இந்த வாசப்படியத் தாண்ட முடியாது. கூட்டத்துக் கட்டளை" என்றேன்.

எண்ட்ரஸ் சொன்னதை நான் சொல்லவில்லை. ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கம்பு போக வேண்டும், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகும் அவர்கள் இந்த ஊரில்தானே வாழ வேண்டும்?

மார்ச் 28, செவ்வாய்

விடியும்போதே வலி கண்டுவிட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே என் பையோடு நின்றேன். அஃப்ரா "அம்மா" என்று கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். முதலில் உரக்க, அப்புறம் குரல் இறங்கிப்போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் பிள்ளைகளில் தங்கியது அவள் ஒருத்திதான். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

லீன்ஹார்ட் வெளியே வந்தான். முகம் வெளிறியிருந்தது. "உள்ள போங்கத்தை. நான் பட்டறைக்குப் போறேன்" என்றான்.

"மொதல்ல தூக்குங்க."

அவன் ஓடினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டறை வாசலில் எண்ட்ரஸ், பிலாசி, இன்னும் சிலர் முன்னால் அந்தக் கை மேலே போனது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

குழந்தை கால்பக்கமாகத் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். பிழைத்துவிட்டார்கள். பெண் குழந்தை. வெளியே கம்பைப் பிடுங்கிச் சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார்கள். வெந்நீருக்கு விறகு போதவில்லை. அதையே வெட்டி அடுப்பில் வைத்தேன். ஓக் மரம் நன்றாக எரியும்.

மார்ச் 29, புதன்

ஞானஸ்நானம். எண்ட்ரஸ்தான் ஞானத்தகப்பன். பிலாசி மாவு கொண்டுவந்து இறக்கினான். எல்லாரும் எல்லாரையும் கட்டிக்கொண்டார்கள். லீன்ஹார்ட் சிரிக்கவில்லை. ஆண்களுக்கு முதல் குழந்தை என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 3, திங்கள்

ஆற்றங்கரையில் பெரிய முகாமாம். மலைநாட்டுக் கூட்டமெல்லாம் அங்கே சேர்கிறது. நம் ஊரிலிருந்தும் எண்ட்ரஸின் தலைமையில் போனார்கள். மனைவி பச்சை உடம்புக்காரி என்பதால் லீன்ஹார்ட்டை விட்டுவிட்டுப் போனார்கள். கொடிக்கு அவன் நெய்த துணிதான்.

ஏப்ரல் 7, வெள்ளி

முகாம் அழிந்தது. பிரபுக்களின் குதிரைப்படை வந்ததுமே நம் ஆட்கள் சிதறி ஓடியிருக்கிறார்கள். ஆற்றில் குதித்தவர்களை ஈட்டியால் குத்தினார்களாம். ஊருக்குத் திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

எண்ட்ரஸ் தோளில் கட்டோடு வந்தான். லீன்ஹார்ட் வீட்டில் குழந்தையைப் பார்த்தான், ரொட்டி வாங்கிக்கொண்டான், காட்டுக்குப் போய்விட்டான். போகும் முன் வேலியோரம் நின்று அவனும் லீன்ஹார்ட்டும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் உப்புக்காரி வந்தாள். மூஸ்ஹைமைக் கொளுத்திவிட்டார்களாம். "ரெண்டு வீட்ட மட்டும் விட்டுட்டாங்க. அந்த ரெண்டு வாசல்லயும் கம்பு நின்னுது. கூட்டத்துல சேராத விசுவாசமான குடும்பம்னு குதிரக்காரனே காவல் போட்டான்" என்றாள்.

அவள் சொன்னதும் எல்லாரும் அவரவர் வாசலைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள்.

ஏப்ரல் 8, சனி

காலையிலிருந்து தெரு முழுக்கச் சம்மட்டிச் சத்தம். பிலாசி வாசலில் கம்பு. எண்ட்ரஸின் மனைவி தானே அடித்தாள், அவள் வாசலிலும் கம்பு. தெருக்கோடி வரைக்கும் கம்பு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் வாசலில் நானே ஒன்று அடித்தேன்.

மிச்சம் ஒரு வாசல்தான். அங்கே பழைய குழி அப்படியே இருந்தது. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய் நிறுத்தி, கல்லால் ஓர் அடி கொடுத்தேன். லீன்ஹார்ட் வெளியே வந்து அதைப் பிடுங்கி என் காலடியில் வைத்தான்.

"மாப்பிள்ளை, உண்மையா கம்பு நின்ன வீடு இந்த ஊர்ல இது ஒண்ணுதான்."

"நின்னப்ப உண்மை. இப்ப நான் கை தூக்கினவன், அத்தை."

"அது கட்டாயத்துக்குத் தூக்கினது."

"ஆமா. யாரு கட்டாயம்?" என்றான். "எண்ட்ரஸ் சொன்னாரு. நீங்க உள்ள வரலாம்னு அவரு அப்பவே சொல்லிட்டாராமே."

நான் காலடியில் கிடந்த கம்பைப் பார்த்தேன்.

"ஒரு தடவ உங்க பேச்சக் கேட்டு ஒரு சத்தியத்த ஒடைச்சேன். இன்னொண்ண ஒடைக்க மாட்டேன். அஃப்ராவுக்கு இது தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். கம்ப எடுத்துட்டுப் போங்க" என்றான்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் உள்ளே போனதும் தறிச் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 9, குருத்து ஞாயிறு

காட்டுக்கு ஓடிப்போங்க மாப்பிள்ளை என்று கெஞ்சினேன். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எங்கே போவது என்றான். அஃப்ராவுக்குப் பால் சுரக்கிறது. குழந்தை நன்றாகக் குடிக்கிறது.

ஏப்ரல் 10, திங்கள்

வந்தார்கள். குதிரைப்படை அதிகாரி நடுவயதுக்காரர், அமைதியானவர், சளி பிடித்திருந்தது. குதிரையிலிருந்து இறங்கித் தெருவில் மெதுவாக நடந்தார். பிலாசி வாசல் கம்பின் பட்டையைக் கத்தியால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தது. அடுத்த வாசலிலும் கீறினார். அப்புறம் கீறவில்லை, சிரித்தார்.

"இவ்வளவு விசுவாசமான ஊரை நான் பார்த்ததே இல்லை. இங்கே கூட்டமே சேரவில்லையா?"

அவர் நடந்துகொண்டே போய்க் கம்பு இல்லாத வாசலில் நின்றார். லீன்ஹார்ட் ஏற்கெனவே வெளியே வந்து நின்றிருந்தான்.

நான் ஓடினேன். "ஐயா, இந்த ஊர்ல கம்பு நின்ன ஒரே வீடு இதுதான். இதோ குழியப் பாருங்க, பழைய குழி. இவரு சேர மாட்டேன்னு சொன்னவரு. அடுப்பு எரியாம, ரொட்டி இல்லாம கெடந்த குடும்பம் ஐயா இது."

அவர் குனிந்து பார்த்தார். பூட்சின் குதியைக் குழிக்குள் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் புல் முளைத்திருந்தது. "கம்பு எங்கே, கிழவி?"

"எரிச்சிட்டேன். பிரசவத்துக்கு வெந்நீர் போட."

"அது நம்பக்கூடிய பேச்சுதான்" என்றார். நிஜமாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். பிறகு லீன்ஹார்ட்டைப் பார்த்து, "நீ சொல். கூட்டத்துக்குக் கை தூக்கினாயா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். ஊரில் எல்லாரும் சனிக்கிழமையிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் வாசலில் நட்டு வைத்திருந்தார்கள்.

"தூக்கினேன்" என்றான்.

"யார் சொல்லி?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "என் பொண்டாட்டிக்காக."

அதிகாரி தெருப் பக்கம் திரும்பினார். "வேறு யாராவது?" பிலாசி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எண்ட்ரஸின் மனைவி தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் அங்கேதான் நின்றேன். மார்ச் ஐந்தாம் தேதி வேலியோரம் நின்று அழுதேன் என்று நான் சொல்லவில்லை.

"அப்படியானால் இவன் ஒற்றை ஆளாகக் கூட்டம் சேர்த்திருக்கிறான்" என்று அதிகாரி மூக்கைச் சிந்தினார். "உண்மை பேசினான் என்பதற்காகத் தலையை விடுகிறேன். தூக்கினது எதுவோ அது போதும்."

எண்ட்ரஸின் பட்டறையிலிருந்து மரக்கட்டையைத் தூக்கிவந்தார்கள். இரண்டு விரல்கள். அவன் சத்தம் போடவில்லை, உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டது நான்தான். தொப்புள்கொடி கட்ட வைத்திருந்த நூலால் இரத்தக்குழாயைக் கட்டினேன். பழகின கை.

ஒரு வீடும் எரியவில்லை. அவர்கள் போன பிறகு யாரோ சர்ச் மணியை அடித்தார்கள்.

ஏப்ரல் 12, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. அவனால் இனி நாடா எறிந்து நெய்ய முடியாது. தறியில் பாதித் துணி அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 15, பெரிய சனி

நாளை ஈஸ்டர். இன்று ஊரில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, சர்ச் வாசலில் மூட்டும் புது நெருப்பிலிருந்து ஆளுக்கொரு சட்டிக் கங்கு எடுத்துப் போவது வழக்கம். லீன்ஹார்ட்டும் வந்தான். இடது கையில் சட்டி, வலது கையில் கட்டு.

கூட்டம் விலகி வழிவிட்டது. மரியாதைக்கு விலகியதா என்று கேட்டால், இல்லை. அவன் கிட்டே வரவர எல்லாரும் குனிந்துகொண்டார்கள். பிலாசி பாதிச் சட்டியோடு வீட்டைப் பார்த்து நடந்தான். ஒற்றைக் கையால் கங்கை வாரச் சட்டி சாய்ந்தது, பிடிக்க ஒருவரும் வரவில்லை. இந்த வாரம் முழுக்க என்னைத் தவிர அவன் வீட்டுக்கு யாரும் போகவில்லை. மாவு கேட்டுப் போனால் பிலாசி உள்ளே ஒளிந்துகொள்கிறானாம். யாருக்கும் அவன் மேல் கோபம் இல்லை. அவனைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை கம்புக்கு வேலையே இருக்கவில்லை.

அவன் நெருப்பில்லாமல் திரும்பிப் போனான். நான் என் சட்டியை நிரப்பிக்கொண்டு, தெருவில் நிற்கும் கம்புகளையெல்லாம் தாண்டி, எல்லாரும் பார்க்க நடுத்தெருவில் போனேன். எந்த இடத்திலும் மறந்து வைக்கவில்லை.

அஃப்ரா கதவைத் திறந்தாள். சட்டியைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஊரே கைவிட்டாலும் நீ விடலம்மா. அன்னிக்கும் கம்பு நின்னப்ப ஜன்னலுக்கு வெளிய நின்னுட்டே இருந்தியே. நீ இல்லன்னா நாங்க இல்ல" என்றாள்.

லீன்ஹார்ட் தறிப் பலகையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தான். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்தான், சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது. சொல்லட்டும் என்றும் இருந்தது.

"அத்தைக்கு உக்கார எடம் குடு" என்றான். கொஞ்சம் நகர்ந்தும் கொடுத்தான்.

போய் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.